முந்தி மலர்ந்த மரங்கள்

ஜனவரி மாதத்து நள்ளிரவொன்றில், பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர் இறங்கி, தரையும் ஏரிக்கரையும் கல்லாக இறுகிக் கிடக்கையில், இலை உதிர்த்து நிற்கும் ஆப்பிள் மரத்தின் மொட்டுகளுக்கு யாதொரு கேடும் விளைவதில்லை. அதே மரம், மே மாதத் தொடக்கத்தில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும் பருவத்தில், பூஜ்யத்துக்குக் கீழே இரண்டேகால் டிகிரிக் குளிரை அரைமணி நேரம் அனுபவித்தாலே அதன் புஷ்பங்களில் பத்தில் ஒரு பங்கு மடிந்துவிடுகிறது. குளிர் மேலும் இறங்கி நான்கு டிகிரியை நெருங்குமாயின் பத்தில் ஒன்பது பங்கு மடிகிறது. அமெரிக்காவின் மேற்குக் கோடியிலுள்ள வாஷிங்டன் மாகாணத்துத் தோட்டக்கலை நிபுணர்கள், மொட்டு வெள்ளி முனை காட்டும் நாள் முதல் இதழ்கள் உதிரும் நாள் வரை ஒவ்வொரு பருவத்துக்கும் இத்தகைய மரண எல்லைகளை அளந்து அட்டவணையாக்கியிருக்கிறார்கள். வெள்ளி முனைப் பருவத்தில் ஒன்பது டிகிரிக் குளிரையும், பச்சை முனைப் பருவத்தில் ஏழு டிகிரிக் குளிரையும் பெருஞ்சேதமின்றித் தாங்கும் மொட்டு, பூங்கொத்து உருத் தெரியத் தொடங்கியதும் மூன்று டிகிரிக்கே அஞ்ச வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே, வசந்த காலத்து உறைபனியின் கொடுமையை அளக்க வெப்பமானி ஒன்று மட்டும் போதாது. அவ்விரவில் மரம் தன் வளர்ச்சியில் எந்தப் படியில் நின்றது என்பதும் தெரிந்தாக வேண்டும். இச்சேதங்களின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவன், பழியைக் குளிரின்மீது சுமத்துவதற்கு முன், அதற்குச் சில வாரங்கள் முந்தி வந்த வெயிலை விசாரிக்கக் கடமைப்பட்டவனாகிறான்.

இதற்கு, அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் 2012ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது. வடக்குத் தெற்காகச் சுமார் 500 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மிச்சிகன் ஏரியின் கீழைக் கரை நெடுகிலும் ஆப்பிளும் செர்ரியும் பீச்சும் திராட்சையும் விளைகின்றன. ஏரிக்கு அப்பால், மேற்கே உள்நாட்டில், அதே அட்சரேகையில் பீச் மரம் பிழைத்திருப்பதே அபூர்வம். அப்பிரதேசத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. ஏரியின் பரந்த நீர்ப்பரப்பைக் கடந்து வருவதால், குளிர்காலத்தில் அது தன் கடுமை தணிந்து வருகிறது. ஆயினும் ஏரி செய்யும் பேருபகாரம் வசந்த காலத்துக்கு உரியது. குளிர்காலம் முழுதும் குளிர்ந்து கிடந்த அந்த நீர் எளிதில் சூடேறாதாகையால், அதன்மீது வரும் காற்றும் ஏப்ரல் மாதம் வரை குளிராகவே வந்து, கரையோரத்து மரங்களை அவசரப்பட்டு மலரவிடாமல், உறைபனிக்குரிய இரவுகள் கழியும் வரை நிறுத்தி வைக்கிறது. கனிமரங்களுக்கு வேண்டிய காலத்தில் வெப்பத்தைத் தருவதைப் போலவே, வேண்டாத காலத்தில் அதைத் தராதிருப்பதும் ஓர் அனுக்கிரகம் என்பதை அக்கரையோரத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள்.

இலையுதிர்க்கும் மரம் மீண்டும் விழிப்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, பூஜ்யத்துக்கும் 7 டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில் அது குறித்த காலம் நின்றிருக்க வேண்டும். ஆப்பிள் வகைகள் பலவற்றுக்கு இது ஏறத்தாழ 1,000 மணி நேரம். இந்தக் குளிர்க் கடன் தீரும் வரையில், தை மாதத்து வெயில் நாலு நாள் இதமாக அடித்தாலும் மொட்டு அசைந்து கொடுப்பதில்லை. மரத்தின் உள்ளே இயங்கும் ரசாயனத் தடைகளே அதைக் காக்கின்றன. கடன் தீர்ந்த பின்னரோ, இரண்டாவது நிபந்தனையாகிய வெப்பம் ஒன்றே எஞ்சி நிற்கிறது. வெயில் ஏற ஏற மொட்டு வீங்குகிறது, வெயில் தாழ்ந்தால் நின்றுவிடுகிறது. மிச்சிகனைப் போன்ற நெடிய குளிர்காலம் உடைய நாடுகளில் முதல் கடன் குளிர்காலத்தின் மத்தியிலேயே தீர்ந்துவிடுவதால், அதற்குப் பிற்பட்ட மாதங்களில் மரத்தை உறங்க வைப்பது வெளியிலுள்ள குளிரேயன்றி மரத்தின் சொந்த விவேகம் அன்று.

2012ஆம் ஆண்டு மார்ச் மாத மத்தியில் அந்தக் குளிர் விலகிவிட்டது. தெற்கிலிருந்து வந்த காற்று ஒரு வாரத்துக்கும் மேலாக நிலைத்து வீச, பனி மூடிக் கிடக்க வேண்டிய நிலங்களில் பகல் உஷ்ணம் பல நாட்கள் 27 டிகிரியைத் தொட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கண்டப் பரப்பில் அதுவரை பதிவான மார்ச் மாதங்களிலெல்லாம் அதுவே வெப்பம் மிக்கது. மரங்கள் வழக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முந்தி விழித்து, மொட்டவிழ்ந்து, ஏப்ரலில் பூக்கத் தொடங்கின. அதன் பின் வந்த ஏப்ரல் மாதம் அதிசயமானதொன்றும் அன்று. அம்மாகாணத்தில் ஏப்ரல் இரவுகளில் உறைபனி விழுவது ஆண்டுதோறும் உள்ள வழக்கமே. மொட்டு மூடிக் கிடக்கும் வருஷங்களில் அதை யாரும் பொருட்படுத்துவதுகூட இல்லை. அவ்வாண்டு அந்தச் சாதாரண உறைபனி, பல இரவுகளில், விரிந்த மலர்களின்மீது வந்து விழுந்தது. அமெரிக்காவின் புளிப்புச் செர்ரியில் பெரும்பகுதியை விளைவிக்கும் அம்மாகாணம், முந்திய ஆண்டில் 15 கோடி பவுண்டுக்கு மேல் பறித்திருக்க, 2012இல் ஒரு கோடியைச் சற்றே தாண்டியதோடு நின்றது. வழக்கமாக 2 கோடி புஷலைத் தாண்டும் ஆப்பிள் சுமார் 30 லட்சமாகக் குறுகியது. செர்ரியைப் பதப்படுத்தும் ஆலைகள் போலந்து தேசத்துப் பழத்தை வரவழைக்க நேர்ந்தது.

உறைபனி விழுந்த மறுநாட் காலையில் அத்தகைய தோட்டத்தைக் கடந்து செல்லும் வழிப்போக்கனுக்கு அங்கே யாதொரு துயரமும் தென்படாது. இதழ்கள் பெரும்பாலும் நிறம் குன்றாமல் இருக்கின்றன. கிளை தோறும் மலர். ஆனால் தோட்டக்காரன் ஒரு பூவைப் பறித்து நகத்தாலோ சவரக் கத்தியின் அலகாலோ பிளந்து பார்க்கிறான். நடுவே பச்சையாக இருக்க வேண்டிய சூலகம் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் அந்தப் பூவின் கதை முடிந்தது. மலரின் உறுப்புகளுள் குளிருக்கு முதலில் இரையாவது கனியாக வேண்டிய அந்த உறுப்பே. ஆப்பிளின் ஒவ்வொரு கொத்திலும் ஐந்தாறு பூக்கள் இருக்க, அவற்றுள் நடுப்பூ முதலில் மலர்வதும், அதுவே மிகப் பருத்த கனியைத் தருவதும் இயற்கை. முந்தி மலர்ந்த காரணத்தால் அதுவே முந்தி மடிகிறது. ஓரத்துப் பூக்கள் பிழைத்தால் விவசாயிக்கு ஓரளவு ஆறுதல் உண்டு; ஏனெனில், நன்கு பூத்த ஆப்பிள் மரத்தில் பத்தில் ஒரு பங்கு பூ காயாக நின்றாலே நல்ல மகசூல் கிடைத்துவிடும். சிறுகனியாகிய செர்ரிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்குப் பூவில் பெரும்பங்கு காய்த்தாக வேண்டும். பேரிக்காயின் வழி தனி: சூல் மடிந்த பின்னும் விதையில்லாமலே காய்க்கும் ஆற்றல் அதன் சில வகைகளுக்கு உண்டு என்பதால், ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் உறைபனிக்குப் பின் ஜிப்ரெலின் என்னும் வளர்ச்சி ரசத்தைத் தெளித்து அதைத் தூண்டுகிறார்கள்.

உயிரணுவுக்குள் உள்ள நீர் சர்க்கரையும் உப்புக்களும் கரைந்திருப்பது ஆகையால், பூஜ்யத்திலேயே உறைந்துவிடுவதில்லை. அதற்கும் மேலாக, நீர் உறைவதற்கு ஏதேனும் ஓர் ஆரம்ப மணி வேண்டும். அத்தகைய மணி ஒன்றும் கிடைக்காத தூய நீர்த்துளி, பூஜ்யத்துக்குக் கீழே 38 டிகிரி வரையிலும் நீராகவே இருக்கக்கூடும் என்பது பௌதிக சாஸ்திரம் கண்ட விநோதங்களுள் ஒன்று. உறங்கும் மொட்டுகள் இந்த விநோதத்தையே தம் பாதுகாப்பாகக் கொண்டிருக்கின்றன. பீச், செர்ரி இனங்களில் மொட்டின் உள்ளிருக்கும் பூங்கரு, தண்டின் நீர்க்குழாய்களோடு இன்னும் இணைப்புப் பெறாமல் தனித்திருப்பதால், வெளிச் செதில்களில் பனிக்கட்டி படிந்தாலும் அது உள்ளே பரவ வழியில்லை. மொட்டு வீங்கத் தொடங்கியதும் நீர்க்குழாய்கள் திறக்கின்றன. வளர்ச்சிக்கு வேண்டிய நீர் ஏறிவரும் அதே பாதையில் பனிக்கட்டியும் ஏறிவருகிறது. உயிரணுக்களுக்கு இடையே கட்டி உருவானால் அது அணுக்களின் நீரை வெளியே உறிஞ்சி அவற்றை வற்றச் செய்யும். அணுவுக்குள்ளேயே உருவானால் அதன் சவ்வுகள் கிழிந்துபோகும்.

ஆரம்ப மணியாக உதவுவன தூசியும் மரத்தின் சொந்தத் திசுக்களும் மட்டுமல்ல. இலைகளின்மீது வாசம் செய்யும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியா, நீர் மூலக்கூறுகளைப் பனிக்கட்டியின் ஒழுங்கில் நிறுத்தவல்ல ஒரு புரதத்தைத் தன் மேற்பரப்பில் தாங்கியிருப்பதால், பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரியிலேயே உறைதலைத் தொடங்கிவைத்துவிடுகிறது என்று 1970களில் கண்டார்கள். அந்த ஆராய்ச்சியில் முன்நின்ற ஸ்டீவன் லிண்டோ, அப்புரதம் இல்லாதபடி மாற்றிய பாக்டீரியாவைப் பயிர்மீது தெளித்தால் தீய இனத்துக்கு இடமில்லாமற் போகும் என்று கருதினார். 1987இல் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரி, உருளைக்கிழங்குப் பாத்திகளில் அது சோதிக்கப்பட்டது. மரபணு மாற்றிய உயிரொன்று அரசின் அனுமதியோடு திறந்த வெளியில் விடப்பட்டது அதுவே முதல் முறை. எதிர்ப்பாளர் சிலர் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்தப் பாக்டீரியா கடைக்கு வரவே இல்லை. பனியை உண்டாக்கும் அதன் இயற்கைச் சகோதரனோ, பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கைப் பனி தயாரிக்கும் தொழிலில் வியாபாரப் பொருளாகிவிட்டது. லோகம் எதை விலை கொடுத்து வாங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வது விஞ்ஞானிக்கும் கடினந்தான்.

இனி, உறைபனி விழும் அந்த இரவு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். அடுப்பிலிருந்து இறக்கிவைத்த தோசைக்கல்லுக்கு அருகில் கையைக் காட்டினால், தொடாமலே சூடு உறைப்பதை உணர்கிறோம். அவ்வாறே நிலமும் மரமும் மலரும் தம் வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத கிரணங்களாக ஆகாயத்தை நோக்கி ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. மேகம் மூடிய இரவில் அவற்றுள் பெரும்பகுதி திரும்பி வருகிறது. தெளிந்த வானமும் அசையாத காற்றும் கூடிய இரவில் போனது போனதுதான். இவ்வுண்மையை நிலைநாட்டியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். இங்கிலாந்தில் ஒரு தோட்டத்தில் கம்பளி நூற்பொதிகளை இரவெல்லாம் திறந்த வெளியில் வைத்து, அவற்றில் படிந்த பனிநீரை நிறுத்துப் பார்த்து, பொருள் குளிர்வதே பனிக்குக் காரணமன்றிப் பனி குளிருக்குக் காரணமன்று என்று 1814இல் அவர் எழுதி வெளியிட்டார். தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளின்மேல் மெல்லிய பாய் ஒன்றை விரிப்பதைக் கண்டு தாம் முன்பு நகைத்ததையும், வானத்துக்கும் செடிக்கும் இடையே ஒரு மறைப்பு இருப்பதே போதுமானது என்று பின்னர் அறிந்ததையும் அவர் அந்நூலில் ஒப்புக்கொள்கிறார். அவருக்கு உதவிய செய்திகளுள் ஒன்று நம் பாரத தேசத்தைச் சேர்ந்தது. அலகாபாத்திலும் கல்கத்தாவிலும், காற்றின் உஷ்ணம் உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே, உலர்ந்த கரும்போ சோளத்தட்டையோ பரப்பிய ஆழமற்ற குழிகளில் மண் தட்டுகளை வைத்து, நீரூற்றி, விடியுமுன் பனிக்கட்டி சேகரித்த முறையை, ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரித்திருந்தார்.

பாரிஸ் நகரத்துத் தோட்டக்காரர்களோ, ஏப்ரல், மே மாதங்களின் சந்திரன்மீது பழி போட்டார்கள். நிலவு காயும் இரவுகளில் தளிர் கருகுகிறது, மேகம் மூடிய இரவுகளில் கருகுவதில்லை என்பது அவர்கள் கண்கூடாகக் கண்டது. பதினெட்டாம் லூயி மன்னர் இதுபற்றிக் கேட்டபோது, கிரகங்களின் கதியையெல்லாம் கணித்த லாப்லாஸ் விடை சொல்லத் தெரியாமல் நின்றார் என்றும், பின்னர் தம்மிடம் விசாரித்தார் என்றும் வானசாஸ்திரியாகிய அராகோ எழுதிவைத்திருக்கிறார். அராகோவின் விடை வெல்ஸின் தத்துவத்திலிருந்தே வந்தது: சந்திரன் தெரிகிறதென்றால் வானம் தெளிந்திருக்கிறது, தளிரைக் கொல்வது அந்தத் தெளிவு, சந்திரன் உடனிருந்து பார்த்தது மட்டுமே. தோட்டக்காரர்களின் கணிப்புப் பிழையன்று. காரணம் மட்டுமே பிழை.

இவ்வாறு தரையோரத்தில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதத்து விடியற்காலைகளில் பந்தய மைதானத்தின் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்க, மேட்டுச் சரிவுகள் பசுமையாகவே இருப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிராண்ட் ராபிட்ஸ் நகருக்கு வடக்கேயுள்ள உயர்ந்த மேட்டு நிலத்தில் மிச்சிகன்காரர்கள் ஆப்பிளை நெருக்கமாக நட்டிருப்பதற்கும் இதுவே காரணங்களுள் ஒன்று. சரிவின் அடியில் அடர்ந்த வேலியோ சாலைக்கரையோ குறுக்கிட்டால் குளிர்க்காற்று அங்கே அணைகட்டி நிற்கும். ஒரே தோட்டத்தில் மேல் வரிசை காய்த்துக் குலுங்க, கீழ் வரிசை வெறுமையாக நிற்பதன் மர்மம் பல சமயங்களில் அந்த வேலியிலேயே இருக்கிறது.

இத்தகைய இரவுகளில் தரைக்குப் பத்து, பதினைந்து மீட்டர் மேலே உள்ள காற்று, கீழே உள்ளதைவிட இரண்டு மூன்று டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். தோட்டத்தின் நடுவே உயர்ந்த கம்பத்தில் பெரும் விசிறியைச் சுழற்றி அந்த வெப்பக் காற்றைக் கீழே கலக்குவதும், சில சமயம் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிடுவதும் இதை நம்பியே. வடக்கிலிருந்து குளிர்க்காற்றே பெருக்கெடுத்து வீசும் இரவுகளில் மேலும் கீழும் ஒரே குளிராக இருப்பதால் விசிறியால் பயனில்லை. வரிசைகளுக்கிடையே எண்ணெய் அடுப்புகளை ஏற்றுவதும், பிரான்ஸ் தேசத்துத் திராட்சைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான மெழுகுச் சட்டிகளைக் கொளுத்துவதும் உண்டு. அங்கே பயன்படுவது நெருப்பேயன்றிப் புகையன்று. புகையின் துகள்கள் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மறைக்கப் போதுமானவையாயினும், நிலம் வீசும் நீண்ட கிரணங்களைத் தடுக்க மிகச் சிறியவை.

எல்லாவற்றிலும் வியப்பானது, உறைபனியிலிருந்து காக்கும்பொருட்டு மலர்களின்மீது நீரைத் தெளித்து அவற்றைப் பனிக்கட்டிக்குள் மூடிவிடும் முறை. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. நீர் தொடர்ந்து விழுந்து, தொடர்ந்து உறைந்துகொண்டிருக்கும் வரையில், கண்ணாடிக் கூட்டுக்குள் அகப்பட்ட மலர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அதன் மரண எல்லையோ இரண்டு டிகிரிக்கும் கீழே உள்ளது. ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 600 கலோரி வேண்டும் என்பதால், நள்ளிரவில் பம்பு பழுதாகி நீர் நின்றுபோனால், ஈர மலர் காற்றில் உலர்ந்து, தெளிக்காமலே விட்ட மலரைக் காட்டிலும் அதிகமாகக் குளிர்ந்து மடிகிறது. தொடங்கியவன் வெயில் ஏறிக் கட்டி உருகும் வரை நிறுத்தக் கூடாது. இடையில் பாரம் தாங்காமல் கிளை முறிவதும் உண்டு. நீரின் செலவும் சாமானியமன்று.  2010ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் புளோரிடாவில் ஸ்ட்ராபெர்ரி விவசாயிகள் பதினொரு நாட்கள் இவ்விதம் நிலத்தடி நீரை இறைத்ததில், சுண்ணாம்புப் பாறை நிலம் சுமார் 140 இடங்களில் உள்வாங்கிவிட்டது.

பூமியின் உஷ்ணம் உயர்ந்துவருகையில் இந்த ஆபத்துக் குறைய வேண்டும் என்றே யாரும் நினைப்பார்கள். 2021ஆம் ஆண்டு பிரான்ஸில் மார்ச் மாதக் கடைசியில் கோடை போன்ற வெயில் அடித்து, திராட்சையும் கனிமரங்களும் துளிர்த்த உடனே, ஏப்ரல் முதல் வாரத்தின் இறுதியில் உறைபனி வந்து தேசம் முழுதும் அழிவு செய்தது. அதை ஆராய்ந்த விஞ்ஞானிகள் இரண்டு முடிவுகளைச் சேர்த்துச் சொன்னார்கள்: புவி வெப்பத்தால் ஏப்ரல் மாதத்துக் குளிர் முன்னைவிடத் தணிந்திருக்கிறது, ஆனால் துளிர்ப்பு அதைவிட வேகமாக முந்திவிட்டதால், தளிர்மீது உறைபனி விழும் வாய்ப்போ அதிகரித்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினாலும், மிச்சிகனின் 2012ஐ அறிந்தவனுக்கு அதில் முரண்பாடு தெரியாது.

அவ்வாண்டில் மிச்சிகன் விவசாயிகளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. பழமில்லாத மரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட முடியாது. அடுத்த ஆண்டுக்குரிய பூமொட்டுகள் இவ்வாண்டுக் கோடையிலேயே கருக்கொள்கின்றன என்பதால், நோயால் இலை உதிர்ந்துவிடாதபடி மருந்து தெளித்தும் புல்லறுத்தும், ஒரு காசு வருமானமில்லாத தோட்டத்துக்கு ஆண்டு முழுதும் செலவழிக்க வேண்டியிருந்தது. மரமோ அந்தக் கோடையில் வேறொரு கணக்குப் போட்டது. காய்களுக்குள் வளரும் விதைகள் சுரக்கும் ஜிப்ரெலினே வழக்கமாகப் புதிய பூமொட்டுகள் மிகுதியாகத் தோன்றாமல் தடுப்பது. விதையே இல்லாத அக்கோடையில் தடுப்பார் இல்லாமற்போக, கிளை தோறும் மொட்டுகள் கருக்கொண்டன. மறு வசந்தம் தாமதமாக, முறைப்படி, மே மாதத்தில் வந்தது. 2013இல் மிச்சிகனின் ஆப்பிள் விளைச்சல் சுமார் 3 கோடி புஷல். அம்மாகாணம் அதுவரை கண்டிராத அளவு.